ஆடும் ஸ்போக் சக்கரம், தேய்ந்த ஹப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் வாசகர்களின் கடிதங்களில், ஸ்போக் சக்கரம் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். எம்.ஜி., டிரையம்ப், ஆஸ்டின்-ஹீலி, ஜாகுவார் எல்லாவற்றிலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அச்சு முனையில் சக்கரத்தைத் தாங்கும் ஹப்பின் வெளிப்புறம் நீளவாக்கில் வெட்டிய பற்கள். சக்கரத்தின் நடுக்குழலுக்குள் அவற்றோடு பொருந்தும் பற்கள். உட்பக்கம் ஒரு கூம்பு, வெளிப்பக்கம் ஒரு கூம்பு, எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்க நடுவில் ஒரே ஒரு பெரிய நட். எஞ்சினின் இழுவையையும் பிரேக்கின் பிடியையும் தாங்குவது பற்கள். சக்கரத்தை நடுவில் நிறுத்துவது கூம்புகள். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்கள் எளிதாகப் புரியும்.

கேள்வி: என்னுடையது 1970 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர். கிளட்சை விட்டதும் பின்னாலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். ரிவர்ஸில் நகர்த்தினாலும் அதே சத்தம். புரொப்பெல்லர் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயின்ட் இரண்டையும் மாற்றியும் போகவில்லை. சக்கரப் பல் தேய்ந்திருக்கலாம் என்கிறார் மெக்கானிக். டிஃபரென்ஷியலை (பின்னச்சின் நடுவிலுள்ள கியர் தொகுதி) பிரிப்பதற்கு முன் இதை எப்படி உறுதிசெய்வது?
— வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: டிஃபரென்ஷியலைத் தொடாதீர்கள். சக்கரத்தைச் சோதிக்க அரை மணி நேரம் போதும், எதையும் பிரிக்க வேண்டியதில்லை.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்புறத்தை ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கடியில் ஸ்டாண்ட் வையுங்கள். ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்துவிடுங்கள். நடு நட்டை ஒன்றிரண்டு சுற்று மட்டும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். தளர்த்துவது முக்கியம். நட் இறுகியிருந்தால் கூம்புகளின் பிடியே சக்கரத்தை அசையாமல் வைத்திருக்கும், தேய்ந்த பல் வெளியே தெரியாது. பலர் நட்டைத் தளர்த்தாமலே ஆட்டிப் பார்த்துவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

இப்போது ஹப்பின் முனையிலிருந்து சக்கரத்தின் நடுப்பகுதிக்கு வரும்படி மார்க்கரால் ஒரு நேர்கோடு போடுங்கள். டயரின் இரு பக்கத்தையும் பிடித்து, சக்கரம் உருளும் திசையில் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பிரேக் ஷூ சற்று நகர்ந்து கொடுக்கும் என்பதால் கையில் படும் அசைவை நம்பாதீர்கள். கோட்டைப் பாருங்கள். கோடு ஹப்புக்கும் சக்கரத்துக்கும் இடையில் முறிந்து விலகினால் ஆட்டம் பற்களில்தான். முன்சக்கரத்துக்கும் இதே சோதனைதான், ஆனால் ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக் மிதியை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்.

அளவு தெரிய வேண்டுமா? எம்.ஜி.பி.யின் ஹப் 42 மி.மீ. வகை. 14 அங்குல ரிம்மின் ஆரம் சுமார் 178 மி.மீ. ஆகவே பல்லில் உள்ள ஆட்டம் ரிம்மில் பல மடங்காகத் தெரியும். ரிம்மில் 1 மி.மீ. அசைந்தால் பல்லில் இருக்கும் இடைவெளி அதில் ஒரு சிறு பங்குதான். நல்ல ஜோடியில் இந்த அசைவைக் கையால் உணரவே முடியாது. நட் தளர்ந்த நிலையில் தெளிவாக ‘டிக்’ என்று கேட்டால் மாற்றுவதற்குத் திட்டமிடுங்கள். நட்டை நன்றாக இறுக்கிய பிறகும் கோடு விலகினால் அந்தக் காரை ஓட்டக் கூடாது.

அடுத்து சக்கரத்தைக் கழற்றி, ஹப்பை மண்ணெண்ணெய் ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிப் பாருங்கள். நல்ல பல்லின் தலை தட்டையாக இருக்கும். தேயத் தேயத் தட்டை குறுகி, கடைசியில் ரம்பப் பல்போலக் கூராகிவிடும். பெரும்பாலும் சக்கரம் தொடாத ஓரத்தில் பல் தன் பழைய வடிவத்திலேயே இருக்கும். அங்கிருந்து நகத்தை இழுத்துக்கொண்டு வந்தால் தேய்ந்த இடம் படிபோலத் தட்டுப்படும். பற்களுக்கிடையே செம்பழுப்புத் தூள் இருந்தால், கிரீஸ் இல்லாமல் உலோகத்தோடு உலோகம் உரசியிருக்கிறது என்று பொருள்.

தேய்ந்தது ஹப்பா, சக்கரமா என்று பிரித்தறிய ஸ்டெப்னியைப் பயன்படுத்துங்கள். ஐந்து சக்கரங்களில் பெரும்பாலும் குறைவாக ஓடியது அதுதான். அதை ஒவ்வொரு ஹப்பிலும் மாட்டி அதே சோதனையைச் செய்யுங்கள். ஸ்டெப்னியும் ஆடினால் அந்த ஹப் தேய்ந்திருக்கிறது. ஸ்டெப்னி ஆடாமல் பழைய சக்கரம் மட்டும் ஆடினால் தேய்மானம் பெரும்பாலும் சக்கரத்தில்.

கோடு எங்குமே விலகவில்லை என்றால் மட்டும் டிஃபரென்ஷியல் பக்கம் போங்கள். உங்கள் காரில் இருக்கும் குழாய் வகைப் பின்னச்சில் (டிஃபரென்ஷியல் கூட்டின் இருபுறமும் குழாய் செருகியது), டிஃபரென்ஷியல் கியர்களுக்குப் பின்னாலுள்ள த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்தாலும் இதே சத்தம் வரும்.

கேள்வி: ஆஸ்டின்-ஹீலி 3000. பின் ஹப் இரண்டிலும் பற்கள் பாதி தேய்ந்திருக்கின்றன. இப்போதைக்கு ஐந்து புதிய குரோம் சக்கரங்களை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு, அடுத்த ஆண்டு ஹப்பை மாற்றலாமா? சக்கரங்களை இடம் வலமாக மாற்றினால் தேயாத பக்கம் வேலைசெய்யும் என்கிறார் நண்பர். பல்லின் மேல் வெல்டிங் ஏற்றி மறுபடி வெட்டித் தருவதாக ஒரு லேத் பட்டறையில் சொல்கிறார்கள்.
— வாசகர், மெல்பர்ன்

பதில்: மூன்றுமே வேண்டாம். காரணங்களைச் சொல்கிறோம்.

புதிய பல்லும் புதிய பல்லும் சேரும்போது பக்கவாட்டு முகம் முழுவதும் ஒன்றையொன்று தொடும், விசை அத்தனை பரப்பிலும் பரவும். தேய்ந்த ஹப்பின் முகம் வளைந்து போயிருக்கும். அதன்மேல் புதிய சக்கரத்தை மாட்டினால் ஒரு மெல்லிய விளிம்பு மட்டுமே தொடும். முழு இழுவையும் அந்த விளிம்பில் இறங்கி, புதிய பல்லைச் செதுக்கத் தொடங்கும். அடுத்த ஆண்டு ஹப்பை மாற்றும்போது சக்கரமும் கெட்டிருக்கும், புதிய ஹப்பை அந்தச் சக்கரம் கெடுக்கும். இரண்டு முறை பணம் போகும். ஹப்பை மட்டும் முதலில் மாற்றினாலும் கதை இதுதான். ஹப்பும் சக்கரமும் ஜோடியாகத் தேய்கின்றன, ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

பணம்தான் தடை என்றால் அச்சு அச்சாக மாற்றுங்கள். பின்னச்சுக்கு இரண்டு ஹப், இரண்டு சக்கரம். பிறகு முன்னச்சுக்கு அதே அளவு. ஐந்தாவது சக்கரம் கடைசியில். இடைக்காலத்தில் பழைய ஸ்டெப்னியைப் புதிய ஹப்பில் மாட்ட நேர்ந்தால், வீடு சேரும்வரை மெதுவாக ஓட்டி உடனே கழற்றிவிடுங்கள். குரோமுக்குப் பதிலாகப் பெயின்ட் அடித்த சக்கரம் வாங்கினால் விலை கணிசமாகக் குறையும். அந்த மிச்சத்தை ஹப்பில் போடுவது நல்ல செலவு.

இடம் வலம் மாற்றும் யோசனையில் பாதி உண்மை இருக்கிறது. சக்கரத்தை மறுபக்கம் கொண்டுபோனால், முன்பு இழுவை தாங்காத முகம் இப்போது தாங்கும். ஆனால் பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள இடைவெளி அப்படியேதான் இருக்கும். எந்த முகம் தொட்டாலும் ஆட்டத்தின் அளவு குறையாது, சத்தமும் குறையாது. ஹப்பையோ பக்கம் மாற்றவே கூடாது. ஒரு பக்கம் வலது மரை (கடிகாரச் சுற்றில் இறுகுவது), மறுபக்கம் இடது மரை (எதிர்ச் சுற்றில் இறுகுவது).

வெல்டிங் ஆபத்தானது. முன் ஹப்பின் உள்ளேதான் பேரிங் உட்காருகிறது. வெல்டிங் சூட்டில் அந்த இருக்கை கோணும், உலோகத்தின் கடினத்தன்மையும் இடத்துக்கு இடம் மாறும். மெல்லிய தகட்டைப் பற்களுக்கிடையே செருகுவது, உலோகப் பசை பூசுவது போன்ற உபாயங்களும் உண்டு. தகடு சில நாளில் கிழிந்து வெளியே வரும். பசை நொறுங்கும், அல்லது நொறுங்காமல் சக்கரத்தை ஹப்போடு ஒட்டிவிடும், நடுவழியில் பஞ்சரானால் கழற்ற முடியாது.

பல் முழுதாக அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் அறுந்தால் இழுவை போகும். ஒரு சக்கரத்தில் இழுவை போனால் டிஃபரென்ஷியல் மொத்தத்தையும் அந்தப் பக்கமே சுழலவிட்டுவிடும், கார் நகராது. அந்தப் பக்க ஹேண்ட்பிரேக்கும் பிடிக்காது. சரிவில் நிறுத்திய கார் உருளலாம். முன்னால் அறுந்தால் அந்தச் சக்கரத்துக்கு பிரேக்கே இல்லை. கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும்.

கேள்வி: எம்.ஜி.பி. 1972. புதிய ஹப் நான்கும் வாங்கிவிட்டேன். நானே மாற்ற விரும்புகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
— வாசகர், லெஸ்டர்

பதில்: முதலில் மரையைச் சரிபாருங்கள். உங்கள் காரில் குழாய் வகைப் பின்னச்சு. அதற்கு அங்குலத்துக்கு 8 மரை கொண்ட ஹப். பாஞ்சோ வகை (நடுவே வட்டமாகப் புடைத்த கூடு கொண்ட) அச்சு இருந்த முற்கால எம்.ஜி.பி.க்கும் எம்.ஜி.ஏ.வுக்கும் 12 மரை. ஸ்கேலை வைத்து ஒரு அங்குலத்தில் எத்தனை மேடு என்று எண்ணினாலே தெரிந்துவிடும். நட்டும் அதே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். 8 மரை நட்டை 12 மரை ஹப்பில் வைத்தால் சிறிது தூரம் ஏறி இறுகிக்கொள்ளும். ‘துரு பிடித்திருக்கிறது’ என்று நினைத்துச் சுத்தியலால் அடித்தால் இரண்டு மரையும் போய்விடும்.

பின்புறம்: சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே, கார் தரையில் நிற்கும்போதே யோசித்துக்கொள்ள வேண்டிய வேலை அச்சு நட். அது 150 பவுண்டு-அடி, அதாவது சுமார் 203 நியூட்டன் மீட்டர் இறுக்கத்தில் இருக்கும். அது ஹப் குழலுக்குள் ஆழத்தில் இருப்பதால் வெளிச்சுற்று பெரிதான சாக்கெட் உள்ளே நுழையாது. வாங்குமுன் ஹப்பின் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். ஸ்பிளிட் பின்னை (நட் கழலாமல் தடுக்கும் பிளந்த கம்பி) எடுத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நீளமான கைப்பிடியால் தளர்த்துங்கள். நட்டுக்கு அடியில் பிளவுபட்ட கூம்பு வளையம் ஒன்று இருக்கும், தொலைத்துவிடாதீர்கள். அதன் பிறகு ஹேண்ட்பிரேக்கை விட்டு, டிரம்மைக் கழற்றி, ஹப்பைப் புல்லர் போட்டு இழுங்கள். பின்னாலிருந்து சுத்தியலால் அடித்தால் பேரிங் கெடும். ஹப் வெளியே வந்த கையோடு ஆயில் சீலை மாற்றிவிடுங்கள். மலிவான பொருள். பின்னர் கசிந்தால் பிரேக் ஷூ முழுவதும் எண்ணெயாகும்.

மாட்டும்போது பின்னச்சு நட்டை 150 பவுண்டு-அடிக்கு இறுக்கி, ஸ்பிளிட் பின் துளை பொருந்தவில்லை என்றால் இன்னும் இறுக்கிப் பொருத்துங்கள். பின்னோக்கித் தளர்த்திப் பொருத்தக் கூடாது.

முன்புறம் சற்று நுணுக்கம். முன் ஹப்பில் இரண்டு ரோலர் பேரிங்குகள், நடுவில் ஒரு ஸ்பேசர், அதோடு ஷிம் என்ற மெல்லிய வளையங்கள். புதிய ஹப்பில் பழைய ஷிம்களை அப்படியே போட்டால் அளவு சரியாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் ஷிம் இல்லாமல் பூட்டி, ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். பேரிங் கிண்ணங்கள் முழுதாக உட்காரும். பிறகு பிரித்து, வேண்டுமென்றே அதிகமாக ஷிம் போட்டுப் பூட்டி, டயல் கேஜால் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) முன்பின் ஆட்டத்தை அளந்து, கூடுதலான ஷிம்களைக் கழியுங்கள். இறுதியில் ஆட்டம் 0.002 முதல் 0.004 அங்குலம், அதாவது 0.05 முதல் 0.10 மி.மீ. இருக்க வேண்டும். ஷிம்கள் 0.003, 0.005, 0.010 அங்குலத் தடிப்பில் கிடைக்கும். முன் நட்டின் இறுக்கம் 40 முதல் 70 பவுண்டு-அடி. இந்த 40–70 வரம்பு ஸ்பிளிட் பின் துளை பொருந்துவதற்காகக் கொடுக்கப்பட்டது. ஸ்பிளிட் பின்னைச் செருக ஹப்பின் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கும், அதை நட்டுக்கு நேரே சுற்றிக் கொண்டுவாருங்கள்.

ஷிம்மை எல்லாம் எறிந்துவிட்டு, சாதாரணக் காரைப்போல நட்டைக் கைப்பதமாக இறுக்குபவர்கள் உண்டு. அந்த ஸ்பேசரும் ஷிம்மும் ஸ்டப் ஆக்சிலை (முன் ஹப் சுழலும் குட்டை அச்சு) திடப்படுத்துகின்றன. அவற்றை விடாதீர்கள்.

கேள்வி: எம்.ஜி.ஏ.வின் காது நட்டுகளில் (சுத்தியலால் அடிக்கக் காதுகள் நீண்ட நடு நட்டுகள்) இடம், வலம் எழுத்துகள் அழிந்துவிட்டன. எது எந்தப் பக்கம்? எந்தத் திசையில் அடிப்பது? ஓடும்போது தானே இறுகும் என்கிறார்களே, அப்படியானால் சுத்தியல் எதற்கு?
— வாசகர், கொழும்பு

பதில்: ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்கும் இடப்பக்கத்துக்கு வலது மரை, வலப்பக்கத்துக்கு இடது மரை. சக்கரத்தின் அருகே நின்று நட்டின் மேல் காதைக் காரின் முன்பக்கம் நோக்கி அடித்தால் தளரும், பின்பக்கம் நோக்கி அடித்தால் இறுகும். இரண்டு பக்கத்துக்கும் இதே விதி. இடம் வலம் குழப்பமே வராது.

தானே இறுகுவதற்குக் காரணம் இது. நட்டின் உட்கூம்பு சக்கரத்தின் வெளிக்கூம்பை மேலிருந்து மூடி உட்காருகிறது. ஆகவே நட்டின் தொடும் வட்டம் சக்கரத்தின் வட்டத்தைவிட நூலளவு பெரியது. காரின் பாரத்தில் இரண்டும் ஒரு பக்கமாக அழுந்தி உருளும்போது, பெரிய வட்டமான நட் ஒவ்வொரு சுற்றிலும் துளி பின்தங்கும். முன்னோக்கி ஓடும் இடச்சக்கரத்தில் அப்படிப் பின்தங்குவது வலது மரையை இறுக்கும் திசை. நட்டுகளைப் பக்கம் மாற்றி மாட்ட முடியாது, மரை ஏறாது. ஆனால் ஹப்புகளையே பக்கம் மாற்றிப் பூட்டியிருந்தால் ஓட ஓட நட் கழன்று சக்கரம் தனியே போகும். யாரோ ஒருவர் பழுதுபார்த்த காரை வாங்கும்போது இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஆனால் இந்த இறுக்கம், சக்கரம் ஹப்பின்மேல் சற்றாவது அசைந்தால்தான் நடக்கும். அசைவு என்றாலே பல் தேய்மானம். எனவே நட் முதலிலேயே சுத்தியலால் முழுதாக இறுக வேண்டும். சக்கரம் தரையில் படாமல் ஜாக்கியில் இருக்கும்போது அடியுங்கள். பாரம் இல்லாதபோதுதான் கூம்பு நேராக உட்காரும். செம்பு அல்லது தோல் முகம் கொண்ட சுத்தியல் வேண்டும். எஃகுச் சுத்தியல் காதைச் சிதைக்கும். நட் இனி நகராது என்ற நிலையில் சத்தம் மாறிக் கெட்டியாகும், அதுவரை அடியுங்கள். 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மீண்டும் தூக்கி அடித்துப் பாருங்கள். முதல் முறை கொஞ்சம் நகர்வது இயல்பு. ஒவ்வொரு முறையும் நகர்ந்துகொண்டே இருந்தால் கூம்பு தேய்ந்திருக்கிறது, அல்லது நட் கூம்பில் உட்காராமல் ஹப் முனையில் முட்டி நிற்கிறது. கூம்பில் நீல மார்க்கிங் மை தடவி இறுக்கிக் கழற்றினால் எங்கே தொடுகிறது என்று வட்டமாகத் தெரிந்துவிடும்.

கேள்வி: டிரையம்ப் டி.ஆர்.6. நட்டைக் கழற்றிவிட்டேன், சக்கரம் ஹப்போடு துருப்பிடித்து வர மறுக்கிறது. இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்கள்.
— வாசகர், டொராண்டோ

பதில்: நட்டை மறுபடி மாட்டுங்கள். முழுதாக இறுக்காமல், ஒரு சுற்றுத் தளர்வாக விடுங்கள். துரு இளக்கும் ஸ்ப்ரேயைச் சக்கரத்தின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் அடித்து, இரண்டு மூன்று நாள் காலையும் மாலையும் திரும்பத் திரும்ப அடியுங்கள். பிறகு காலி மைதானத்தில் நடைவேகத்தில் முன்னே போய் பிரேக், பின்னே வந்து பிரேக், வளைத்து ஓட்டிப் பிரேக். பற்களின் இடைவெளியில் துரு உடைந்து சக்கரம் நட்டின்மேல் வந்து நிற்கும். நட் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. வாயு விளக்கால் சூடாக்கினால் டயரும் பேரிங் கிரீஸும் கெடும். ரிம்மில் சுத்தியலால் அடித்தால் ஸ்போக் தளரும்.

டி.ஆர். வகைக் கார்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே பல்லுள்ள பகுதி தனித் துண்டு. சாதாரண ஹப்பின் நான்கு ஸ்டட்களில் நட் போட்டுப் பிடித்த அடாப்டர். சக்கரம் வெளியே வந்ததும் இந்த நான்கு நட்டுகளையும் இறுக்கிப் பாருங்கள். பற்கள் நன்றாக இருந்தும் சத்தம் வரும் டி.ஆர்.களில் பல சமயம் தளர்ந்திருப்பது இவைதான். ஸ்டட் நட்டைத் தாண்டி நீண்டிருக்கக் கூடாது. நீண்டால் சக்கரத்தின் பின்முகத்தில் முட்டும், கூம்பு உட்காராது. பின்முகத்தில் உரசிய தழும்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஸ்டட்டை நறுக்க வேண்டும். சாதாரண சக்கரக் காரை ஸ்போக் சக்கரத்துக்கு மாற்றியவர்கள் இதை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்.

மீண்டும் மாட்டும் முன் பற்களையும் மரையையும் கூம்புகளையும் பழைய கிரீஸ் துளியும் இல்லாமல் துடையுங்கள். பழைய கிரீஸில் மணல் இருக்கும். அதன்மேல் புதியதைப் பூசினால் அரைப்பொடி பூசியதற்குச் சமம். பிறகு மெல்லிய பூச்சாகச் செப்புக் கிரீஸ் அல்லது மாலிப்டினம் கலந்த கிரீஸ். அள்ளிப் பூசினால் ஓடும்போது ஸ்போக்கெல்லாம் தெறிக்கும். உங்கள் ஊர்க் குளிருக்கு, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும், குளிர்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒருமுறை கழற்றிப் பூசுங்கள்.

கேள்வி: எம்.ஜி. டி.சி., 19 அங்குலச் சக்கரம். சில ஸ்போக்குகள் தளர்ந்திருக்கின்றன. சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பதுபோல எடுக்கலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தத்துவம் ஒன்று, வேலை வேறு. சைக்கிளில் பக்கவாட்டுக் கோட்டத்தைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். இங்கே பக்கவாட்டு, உயரம், ரிம் ஹப்பிலிருந்து எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது என்ற அளவு, மூன்றும் ஒன்றாகச் சரியாக வர வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்ற இரண்டும் மாறும். மூன்றாவது அளவு பிசகினால் டயர் மட்கார்டில் உரசும். பிரிப்பதற்கு முன்பே நடுக்குழலின் உள்முகத்திலிருந்து ரிம் ஓரம்வரை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சிறு ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டுங்கள். ஒரே வரிசையில் உள்ளவை ஏறக்குறைய ஒரே சுருதியில் ‘டிங்’ என்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. தனியே ஒன்றிரண்டு தளர்ந்திருந்தால் நிப்பிளை (ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் சிறு நட்) அரைச்சுற்றுக்கு மேல் திருகாமல் இறுக்கலாம். அதற்கு மேல் திருகினால் ஸ்போக் முனை நிப்பிளைத் தாண்டி ட்யூபைக் குத்தும். கூடுதலாக இறுக்க வேண்டுமானால் டயரைக் கழற்றி, முனைகளை உரசிச் சமப்படுத்த வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் மூன்று நான்கு தளர்ந்தோ உடைந்தோ இருந்தால் அந்தச் சக்கரத்தை முழுதாக மறுபடி கட்டுங்கள். ஒரு ஸ்போக் போனால் அதன் பாரம் அண்டையில் உள்ளவற்றில் ஏறும், பிறகு அவை வரிசையாகப் போகும். உடைவது பெரும்பாலும் ஹப் பக்க வளைவில்.

முடித்ததும் டயல் கேஜில் பக்கவாட்டும் உயரமும் 1.5 மி.மீ.க்குள் இருக்கட்டும். சக்கரத்தை அதன் கூம்புகளில் பிடித்து அளக்க வேண்டும். துருவோடு இறுகிய நிப்பிளை வலிந்து திருகாதீர்கள், ஸ்போக் முறுக்கிக்கொள்ளும். பழைய ஸ்போக்குகளுக்குக் குரோம் பூசக் கொடுப்பதும் வேண்டாம். பூசும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, சரியாகச் சூடேற்றி வெளியேற்றாவிட்டால், ஸ்போக் நொறுங்கும் தன்மை கொள்ளும். பளபளப்பு வேண்டுமென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்போக் போட்டுக் கட்டுங்கள்.

கேள்வி: சக்கரங்களுக்குப் பவுடர் கோட்டிங் அடித்தேன். அதிலிருந்து நட் தளர்ந்துகொண்டே இருக்கிறது.
— வாசகர், பர்மிங்ஹாம்

பதில்: கூம்புகளின் மேலும் பற்களின் மேலும் கோட்டிங் ஏறியிருக்கிறது. அழுத்தத்தில் அது மெல்ல நசுங்கி வழிந்துபோகும், அந்த அளவுக்கு நட் தளரும். அந்த இடங்களை உலோகம் தெரியச் சுத்தம் செய்யுங்கள். கூம்பைச் சுரண்டிவிடாமல் பெயின்ட் நீக்கும் திரவத்தால் எடுங்கள். அதுவரை ஓட்ட வேண்டாம். நிப்பிள்களும் கோட்டிங்கில் ஒட்டியிருக்கும் என்பதால் இனி கோட்டம் எடுப்பது கடினம்.

கேள்வி: ஜாகுவார் இ-டைப். நான்கு சக்கரமும் பேலன்ஸ் செய்தும் 60 மைல் வேகத்தில் ஸ்டியரிங் உதறுகிறது.
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: டயர் கடையில் எந்தத் துளையில் பிடித்துப் பேலன்ஸ் செய்தார்கள் என்று கேளுங்கள். சாதாரண இயந்திரத்தின் கூம்பு, சக்கரத்தின் பல் முனைகளிலோ குழலின் விளிம்பிலோ பிடிக்கும். அந்த வட்டத்தை மையமாகக் கணக்கில் கொண்டு யாரும் கடையவில்லை. இ-டைப்பின் 52 மி.மீ. வகைக்கான உட்கூம்பு, வெளிக்கூம்பு இரண்டிலும் பிடிக்கும் தனி அடாப்டர் உள்ள கடைக்குப் போங்கள். ஒரே சக்கரத்தை இயந்திரத்தில் கழற்றி, பாதி சுற்றித் திரும்ப மாட்டி அளந்தால் அதே எண் வர வேண்டும். வேறு எண் வந்தால் பிடிப்பு தவறு, அந்தக் கடையில் எத்தனை எடை ஒட்டினாலும் பயனில்லை. பிடிப்பு சரியாக இருந்தும் உதறினால் ரிம்மின் கோட்டத்தை அளங்கள். எடை ஒட்டுவதால் கோணலான ரிம் நேராகாது.

கேள்வி: சாதாரண சக்கரம் உள்ள என் எம்.ஜி.பி.க்கு போல்ட் செய்யும் அடாப்டர் போட்டு ஸ்போக் சக்கரம் மாட்டலாமா?
— வாசகர், கார்டிஃப்

பதில்: மாட்டலாம், ஆனால் பின்புற இடைவெளியை முதலில் அளங்கள். குழாய் வகையில், ஸ்போக் சக்கரக் கார்களுக்கென்று தொழிற்சாலையில் பொருத்திய பின்னச்சு, சாதாரண சக்கரக் காரின் அச்சைவிடக் குறுகியது. அடாப்டர் போட்டால் சக்கரம் வெளியே தள்ளும். அகலமான டயரோடு சேர்ந்தால் மட்கார்டின் உள் விளிம்பில் உரசும். இரண்டு பக்கத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும், பல கார்களில் இடைவெளி இரு பக்கமும் சமமாக இருப்பதில்லை.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த எம்.ஜி.பி. நட்டில் காது இல்லை, எட்டுப்பட்டையாக இருக்கிறது. காது நட்டாக மாற்றலாமா?
— வாசகர், ரெடிங்

பதில்: மரை எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் மாற்றலாம். 1968 முதல் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளை அனுமதிக்கவில்லை, அதனால்தான் எட்டுப்பட்டை வந்தது. எட்டுப்பட்டையே இருக்கட்டும் என்றால், பட்டை முழுவதையும் பிடிக்கும் ஸ்பேனரைக் காரிலேயே வைத்திருங்கள். குழாய் ரெஞ்ச் போட்டால் மூலைகள் உருண்டுவிடும்.

கேள்வி: ஆறு மாதத்தில் மூன்று பஞ்சர். டயரில் ஆணி எதுவும் இல்லை.
— வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: ட்யூபைக் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கி, ஓட்டை எந்தப் பக்கம் என்று பாருங்கள். ரிம் பக்கம் என்றால் ஸ்போக் முனை அல்லது நகர்ந்துபோன ரிம் பட்டை. முனைகளை உரசிச் சமன்செய்து, அகலம் சரியான ரப்பர் பட்டையைப் புதிதாகப் போடுங்கள். இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினால் சூட்டில் பசை இளகி நகர்ந்துவிடும். டயர் பக்கம் என்றால் உட்சுவரைக் கையால் தடவுங்கள். ட்யூப்லெஸ் டயர்களின் உள்ளே காகித லேபிளும் சொரசொரப்பான வரிகளும் இருக்கும், அவை ட்யூபை அரைத்துத் தின்னும். லேபிளை உரித்து, வரிகளை உப்புத்தாளால் மழுக்கி, டால்கம் பவுடர் தூவுங்கள். ட்யூப் ரேடியல் டயருக்கானதாகவும் சரியான அளவிலும் இருக்க வேண்டும். பெரிய ட்யூப் உள்ளே மடிந்து, அந்த மடிப்பிலேயே கிழியும்.